இரண்டு முறை கழித்த பூமி

வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள் மறுபடியும் ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைவரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அணைத்துத்தான் இருக்கும். அணைக்காமல் விட்ட நாள் என்று ஒன்று அவள் வாழ்க்கையில் வந்ததே கிடையாது. ஆனாலும் நாளைக்கு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நம்மையே கேட்பாள். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு 'ரெட்டைப்பூட்டு' என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எந்த ஆபீஸிலும் மற்ற வேலையெல்லாம் நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப் போகும். அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைக்கிற வேலை மட்டும் அன்றன்றைக்கே முடிந்துவிடும். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'ரெட்டைப்பூட்டு'. பொய்யாக ஒன்றும் வைக்கவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள்.

துணி தைத்துப் பிழைத்த ஒரு தாய்க்கு ஒரே மகள். கணக்கு நன்றாக வந்தது, படித்தாள், நட்சத்திர ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். அந்தத் தற்காலிகம் இரண்டிரண்டு வருடமாக நீண்டு, அவள் தலையில் நரையும் வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் நிரந்தரமாகி, இப்போது அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். 'நட்சத்திரமெல்லாம் நிரந்தரமா இருக்கு, நட்சத்திரத்தைப் பாக்கிறவளுக்கு மட்டும் பர்மனென்ட் இல்லையாக்கும்' என்று அவளுடைய அம்மா சாப்பாடு போடும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிவிடுவார். அம்மா சொல்வதில் கோபப்பட இடமில்லை என்பதுதான் அவளுக்குக் கோபம்.

நட்சத்திரம் பார்க்கிற வேலை என்றதும் இருட்டில் மலை உச்சியில் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பதாக ஊரில் நினைக்கிறார்கள். மலை எங்கோ இருக்கிறது, தொலைநோக்கியும் அங்கேதான் இருக்கிறது, அதை இயக்குகிறவர்களும் அங்கேதான். இவள் வேலை பட்டப்பகலில், இரண்டாம் மாடியில், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலோரம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. மேசையில் இரண்டு கணினித் திரைகள். தொலைநோக்கி பிடித்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அனுப்புவார்கள். அந்த நிறப்பட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். நட்சத்திரம் நம்மைப் பார்த்து வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பதுதான் அவள் தொழில். சொன்னால் இவ்வளவுதான். செய்தால் முதுகு ஒடியும்.

அவளுக்கென்று ஒதுக்கிய நட்சத்திரம் தனி நட்சத்திரம் இல்லை, ஜோடி. ஒன்று பெரியது, கொதிக்கிற நீல நிறம். அதைச் சுற்றி வருவது கண்ணுக்கே தெரியாத சின்ன ஒன்று. செத்துப்போன நட்சத்திரத்தின் கருவா, கருந்துளையா, யாருக்கும் தெரியாது. அந்தச் சின்னது நீண்ட பாதையில் போய்விட்டுப் பெரியதன் பக்கத்தில் வரும்போது, இரண்டுக்கும் நடக்கிற மோதலில் காமா கதிர் வெடித்துக் கிளம்பும். ஒளியிலேயே அதைவிடச் சக்தி கொண்டது கிடையாது. இப்படிப்பட்ட ஜோடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணுக்குத் தெரியாததன் எடையைத் தெரிந்துகொள்ள, பெரியது எப்படித் தள்ளாடுகிறது என்று பார்க்க வேண்டும். மனைவியின் நடையை வைத்துப் புருஷன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்கிற மாதிரி.

இதில் ஒரு சிக்கல். பார்க்கிற நாமும் சும்மா நிற்கவில்லை. பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கோடு நகர்ந்தால், நகர்ந்தது நட்சத்திரமா நாமா என்ற கேள்வி வரும். ஒவ்வோர் அளவிலிருந்தும் பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் நுழைகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்.

இந்த ஜோடி ஒரு சுற்றுச் சுற்றப் பத்தரை மாதம் ஆகும். பூமியின் சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால், எது யாருடைய ஆட்டம் என்று பிரிப்பது கஷ்டம். யாரும் கையில் எடுக்கவில்லை. அதனால்தான் அவள் கைக்கு வந்தது. வருடக்கணக்காக அளந்து, பாதையை வரைந்து, சின்னது எப்போது பெரியதன் அருகில் வரும் என்று கணித்தாள். முதல்முறையாக அவள் பெயர் முதலில் வந்த கட்டுரை அது. காமா கதிர் காற்றில் மோதும்போது தெறிக்கிற மெல்லிய நீல வெளிச்சத்தைப் பிடிக்கப் பெரிய பெரிய கண்ணாடிகளை வைத்திருக்கும் இன்னொரு நிலையம், அவள் சொன்ன வாரத்தை அப்படியே ஒதுக்கிக் கொடுத்தது. அந்தக் கட்டுரையின் பலத்தில் அவளை நிரந்தரமாக்குவது பற்றிப் பேச, நியமனக் குழு புதன்கிழமை கூடுவதாக இருந்தது. கண்ணாடிகள் திரும்புவதற்கு அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் கூடி வந்த நேரம். அவளுக்கு அதுவே பயமாக இருந்தது.

நட்சத்திரம் அப்போதுதான் சூரியனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, விடியற்காலை வானத்தில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. மலையிலிருந்த புதிய கருவி பழுதாகிக் கிடந்ததால், குழு கூடுவதற்கு முந்தின வாரம் பழைய கருவியில் அளந்து அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை வந்த அளவு, அவள் வரைந்த பாதையில் உட்காரவில்லை. மறுபடி அளந்தாள். மறுபடியும் அங்கேயேதான் வந்து நின்றது. புதன்கிழமை வந்ததும் அதே பக்கம் விலகிக் கிடந்தது.

துறைத்தலைவரிடம் ஓடினாள். அவர் எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை 'பொறு' என்பதால் அவருக்குப் 'பொறுங்க சார்' என்று பெயர்.

"பொறும்மா. ரெண்டு புள்ளிக்கா இந்தக் கலவரம்?" என்றார். "பழைய மிஷின். அதுக்கும் வயசாகலையா? புதுசு சரியானதும் பாத்துக்கலாம்."

"ரெண்டும் ஒரே பக்கம் விலகுது சார்."

"நீ வீட்டுப் பூட்டைக்கூட ரெண்டு தடவை இழுத்துப் பாக்குற ஆளு. உன் கணக்கு தப்பாகுமா? போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. வேறு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார்களா என்று பார்த்தாள், இல்லை. பழைய கருவியில் அளவுகோலாக எரியவிடுகிற விளக்குச் சரியில்லையா என்று பார்த்தாள், சரியாகவே இருந்தது. வியாழக்கிழமை காலை, அதுவரை யாரும் கேட்காத ஒரு சாட்சியிடம் கேட்பது என்று முடிவு செய்தாள்.

அவள் அளக்கிற ஹீலியம் கோட்டுக்குப் பக்கத்திலேயே சோடியம் கோடு ஒன்று உண்டு. அது நட்சத்திரத்தினுடையது அல்ல. நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் கிடக்கிற வாயுவினுடையது. அது யாரையும் சுற்றுவதில்லை. போட்டது போட்டபடி கிடக்கும். அளப்பதற்கு இடைஞ்சல் என்று இந்தத் தொழிலில் எல்லாருமே முதல் காரியமாக அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். அவளும் எறிந்திருந்தாள். இப்போது வெட்டியதையெல்லாம் திரும்ப எடுத்து, முதல் வருடத்திலிருந்து வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். நகராத கோடு நகராமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பழைய கருவியின் காலம் முழுவதும் அது தொங்கவிட்ட நூல் மாதிரி நேராக இறங்கியது. புதிய கருவி வந்த இடத்திலிருந்து வளைந்தது. ஆறு மாதம் இந்தப் பக்கம், ஆறு மாதம் அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம். ஒரு வருடத்துக்கு ஒரு வளைவு. அசையவே அசையாத ஒன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடுகிறது என்றால் ஆட்டுவது யார்? வருடத்துக்கு ஒருமுறை சுற்றுவது ஒன்றே ஒன்றுதான். அதன்மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மலைக்குப் போன் போட்டாள். கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் எடுத்தார்.

"ஆமாங்க, புது மிஷின் வந்ததிலேர்ந்து பூமியை நாங்களே கழிச்சுத்தான் அனுப்புறோம்," என்றார் அவர், சாதாரணமாக.

"எனக்கு யாரும் சொல்லலையே."

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சோம். ஏன், நீங்க மறுபடி கழிச்சுட்டீங்களா?"

அவள் நன்றி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

விஷயம் இதுதான். முதல்முதலாகப் புதிய கருவியின் அளவுகள் வந்தபோது, இவர்கள் கழித்திருப்பார்களா மாட்டார்களா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்டிருக்கலாம். கேட்காமல், விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் தானே கழித்துவிட்டாள். அசட்டையான ஆளாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. வந்ததை அப்படியே போட்டு வரைந்திருப்பான், சரியாக வந்திருக்கும். ஜாக்கிரதையாக இருந்து கெட்டவர்கள் கதையை ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கழித்தலை எடுத்துவிட்டுப் பாதையை மறுபடி வரைந்தாள். கோடு அழகாக உட்கார்ந்தது. செவ்வாய், புதன் அளவுகளும் அதன்மேலேயே வந்து நின்றன. ஆனால் சின்னது பெரியதை நெருங்குகிற நாள் மட்டும் முன்னால் வந்துவிட்டது. அவள் கட்டுரையில் சொன்னது இன்னும் மூன்று வாரம் கழித்து. புதிய கணக்கு சொன்னது வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில்.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிகளுக்கு இருட்டு வேண்டும். நட்சத்திரமோ விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் மேலே வருகிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பௌர்ணமி, அதற்குப் பின் விடியற்காலை முழுவதும் நிலா நிற்கும், ஒன்றும் பார்க்க முடியாது. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், பத்தரை மாதச் சுற்று ஒவ்வொரு தடவையும் நாட்காட்டியில் முன்னால் நழுவும். அடுத்த இரண்டு தடவையும் ஜோடி நெருங்குகிற நேரத்தில் சூரியன் குறுக்கே வந்து நிற்கும். இதை விட்டால் இரண்டரை வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

சொல்லாமல் இருந்தால்? அந்த எண்ணமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். சொல்லாமல் இருந்தால் புதன்கிழமை குழு கூடும், வேலை நிரந்தரமாகும். இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடிகள் திரும்பும், ஒன்றும் தெரியாது. இந்த மாதிரி ஜோடிகள் சில சுற்றுகளில் சத்தமில்லாமல் இருந்துவிடுவதும் உண்டு. 'இந்தத் தடவை அமைதியாக இருந்தது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இதை மறைக்க முடியும், அதுவும் சிரமமில்லாமல். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை பொறுங்க சாரிடம் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையையே பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை. கெட்டிக்கார மனிதர், எதையும் தள்ளிப் போடுவார், அதுதான் குறை.

"கதவைச் சாத்து," என்றார். சாத்தினாள். ஒருமுறைதான்.

"புதன்கிழமை குழு. வியாழக்கிழமை சொல்லு. ஒரு வாரம் பொறுக்க மாட்டியா?"

"வியாழக்கிழமை சொன்னா, அவங்க வெள்ளிக்கிழமைதான் திருப்புவாங்க. நிலா வந்துடும் சார்."

"நிலா போனா வரும்மா. இந்தப் போஸ்ட் போனா வராது. நானும் அடுத்த வருஷம் ரிட்டயர்டு. உனக்காக இன்னொரு தடவை யார் இந்தக் குழுவைக் கூட்டப்போறா?"

கெட்ட மனசில் சொல்லவில்லை. அவளுக்காக அந்தக் குழுவைக் கூட்ட அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். அதனாலேயே எதிர்த்துப் பேச முடியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவனுக்குப் பல் செட் செய்கிற தொழில். முன்னறையே பட்டறை, மேசை முழுக்க வெள்ளை மாவு, அலமாரியில் யார் யாருடைய வாய் அச்சோ வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். இப்போது பல்லையும் இயந்திரமே அச்சடித்துத் துப்பத் தொடங்கிவிட்டதால், வரவர அவனிடம் வருகிற டாக்டர்கள் குறைந்துவிட்டார்கள்.

அவன் தேய்த்துக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்தான்.

"சொல்லாதே," என்றான்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க?"

"வேற எப்படிச் சொல்லணும்? தவளை தன் வாயால கெட்டுதாம். யாராவது செத்துடுவாங்களா? யார் குடியாவது முழுகுமா? வானத்துல எங்கேயோ ரெண்டு, அதுபாட்டுக்குச் சுத்திட்டுப் போகுது. இங்க நாம மூணு பேர் இருக்கோம்."

"நான் தப்பாச் சொன்னதை நம்பி அத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

"இப்ப சொல்றது மட்டும் சரின்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவளுக்குப் பகீரென்றது. ஏனென்றால் தெரியாது. ஒருமுறை தப்பிய கணக்கு இன்னொரு முறையும் தப்பலாம். இரண்டாவது தடவையும் ஒன்றும் தெரியாமல் போனால், பட்ட காலிலே படும் என்று ஊரே சிரிக்கும். முதல் தப்பையாவது மறைக்க முடியும். இதைத் தானே கூட்டம் கூட்டிக் காட்டியதாக ஆகிவிடும். உள்ளே போய்ப் படுத்தாள். அவன்மேல் கோபம் கோபமாக வந்தது, அவன் பயப்படுவது அவளுக்காகவும் அம்மாவுக்காகவும்தான் என்று தெரிந்தும் வந்தது.

சனிக்கிழமை காலை, பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் கண்ணாடி நிலையத்துக்குப் போன் செய்தாள். அங்கே நேரம் ஒதுக்குகிறவரை எல்லாரும் 'கண்ணாடிக்காரர்' என்றுதான் சொல்வார்கள். இடிக்குரல். அவளைப் பேச விட்டுக் கேட்டார். அவள் பூமியை இரண்டு முறை கழித்ததைச் சொன்னபோது அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"மேடம், இந்த வாரம் வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. அவர் ஒரு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்காரு. நான் போய் அவர் கால்ல விழணும்."

"தெரியும் சார். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பை அப்புறம் பாக்கலாம். எவ்வளவு நிச்சயம்?"

அவள் வழக்கப்படி ஆரம்பித்தாள். பழைய அளவு இத்தனை, புதிய அளவு இத்தனை, பிழை இவ்வளவுவரை இருக்கலாம், ஒருவேளை வியாழனையும் தாண்டலாம்...

"மேடம், இதெல்லாம் எனக்கும் தெரியும்," என்று இடைமறித்தார் அவர். "இருவது பேரை எழுப்பி விடணும். திருப்பட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை."

பட்டறை வாசலில் கணவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"திருப்புங்க," என்றாள்.

ஞாயிறு விடிந்தது. ஒன்றுமில்லை என்று செய்தி வந்தது. திங்கள், ஒன்றுமில்லை. கணவன் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொள்வதோடு சரி. அம்மாவுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. மகள் ஏதோ வம்பை விலைக்கு வாங்கிவிட்டாள் என்பது மட்டும் புரிந்து, "உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை அங்கே மேகம். அன்றைக்கு அவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப்வரை போய், திரும்பிப் போகாமலே பஸ் ஏறிவிட்டாள். பூட்டியதே நினைவில் இல்லை. பொறுங்க சார் தாழ்வாரத்தில் எதிரே வந்தபோது நின்றார். அவள் சொல்லிவிட்டாள் என்று அவருக்கும் செய்தி போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தாள். கையிலிருந்த காகிதங்களை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை விடியலிலும் ஒன்றுமில்லை. பதினோரு மணிக்குக் குழு கூடியது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், வெளியூரிலிருந்து வந்த ஐந்து பேர். ஓரத்தில் பொறுங்க சார். குழுவின் தலைவி அம்மாள் நிதானமாகப் பேசுகிறவர், மரியாதைக்குக் குறைவில்லை.

"உங்க கட்டுரையில ஒரு தேதி இருக்கு. இப்ப அது தப்புன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமாம்மா. பூமியோட வேகத்தை ரெண்டு தடவை கழிச்சுட்டேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். முதல் நாள் பாடம் அல்லவா?

"இப்ப வேற தேதி சொல்றீங்க. அதுல பாதிக்கு மேல போயாச்சு, ஒண்ணும் காணோம்."

"நாளைக்கு விடியக்காலை ஒண்ணு பாக்கி இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுடும்."

"நாங்க நாளைக்கு இருக்க மாட்டோமே. சாயங்காலம் எல்லாருக்கும் பிளைட்."

அப்போது ஓரத்திலிருந்து குரல் வந்தது. "ஒரு நாள் பொறுங்க," என்றார் பொறுங்க சார். "நான் சொல்றேன். ஒரே ஒரு நாள். முடிவை நாளைக்கு எழுதுங்க."

இருபது வருடமாக அவர் 'பொறு' என்று சொல்லி, ஆபீஸே பொறுத்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் யாரும் பொறுக்கவில்லை. மூன்று மணிக்கு முடிவு வந்தது. வேலை இன்னொருவருக்குப் போனது. அவர் நல்ல வேலைக்காரர்தான், குறை சொல்ல முடியாது. அவளுடைய தற்காலிக ஒப்பந்தம் இந்த வருடக் கடைசிவரை. அதற்கு மேல் நீட்ட வழியில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அழுதார். கணவன் அழவுமில்லை, கத்தவுமில்லை. மறுநாள் காலை அவள் கிளம்பும்போது, மாவுக் கையோடு வாசலுக்கு வந்தான்.

"அந்த எழவெடுத்தது இன்னைக்காவது வருமா வராதா?"

"தெரியலை."

"வந்தா போன் பண்ணு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நான்கு நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. அவள் ஒரு கோட்டைக்கூட அளக்கவில்லை. வாளி நிறைந்து தரையில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நேற்று வரை வேலை போய்விடுமோ என்று பயம். அது போய்விட்டது; பயம் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, தான் பயந்தது வேலைக்கு மட்டும் இல்லை என்று. ஒரே ஒரு விஷயத்தை வாழ்நாளில் சரியாகச் சொல்லிவிட்டோமா என்பதுதான் அவள் பயம்.

போன் அடித்தது.

"மேடம்! வந்துடுச்சு!" இடிக்குரல் இன்னும் இடித்தது. "இன்னைக்கு விடியக்காலை. கொஞ்ச நஞ்சம் இல்லை, கொட்டோ கொட்டுன்னு கொட்டிடுச்சு. பசங்க எல்லாம் தூங்கப் போகமாட்டேங்கிறாங்க."

"பக்கத்துல வேற ஏதாவது நட்சத்திரமா இருக்குமோ?" என்று கேட்டாள் அவள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லை மேடம், மூணு தடவை பாத்துட்டோம். உங்க ஜோடிதான். நீங்க சொல்லலைன்னா நிலா வந்து, சூரியன் வந்து, எல்லாம் போயிருக்கும்."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான். குழுவின் ஐந்து பேரும் அந்த நேரம் அவரவர் ஊரில் தூங்கி எழுந்து வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அந்த நட்சத்திரத்தின்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பொறுங்க சார் செய்தி கேட்டு வந்து, அறைக்குள் நுழையாமல் கதவருகே நின்றார். "ஒரு வாரம் பொறுன்னு நான் போய் உன்கிட்ட சொன்னேனே," என்றார். குரல் உடைந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். கணவனுக்குப் போன் செய்தாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "சரியாச் சொன்னது நீதானே?" என்றான். ஆமாம் என்றாள். "அப்ப நிமிந்து வா," என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் மறுபடி கூப்பிட்டார். இப்போது நிதானமாகியிருந்தார்.

"அடுத்து எப்பப் பாக்க முடியும் மேடம்? இப்பவே நேரத்தை எடுத்து வச்சுடணும். இல்லைன்னா வேற யாராவது பிடிச்சுடுவாங்க."

அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அடுத்த இரண்டு சுற்று சூரியனுக்குப் பின்னால். மூன்றாவது சுற்று, அந்தி வானத்தில், நிலா இல்லாத வாரம். தேதியைச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. இந்தத் தடவை எவ்வளவு நிச்சயம் என்று அவர் கேட்கவில்லை.

"நல்லது. அந்தச் சமயத்துல உங்களை எந்த நம்பர்ல பிடிக்கணும்? இதே எக்ஸ்டென்ஷன்தானே?"

ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"நான் அப்ப எங்க இருப்பேன்னு தெரியலை சார்," என்றாள் அவள். "ஆனா அது வரும். அந்தத் தேதிக்குக் கண்டிப்பா வரும்."

அவர் தேதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.